பல்லுல படாத தண்ணி

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: வண்ணார்பேட்டை இரும்புக்கடை பூதலிங்கம் அண்ணாச்சி, தனிக் காரும் தனி வழிகாட்டியுமாக, ஏரிகளையும் பழம்பெரும் துறைமுக நகரங்களையும் காண ஐந்து நாள் சுற்றுலா எழுந்தருளுகிறார். ஏற்பாடு, மனைவி கலையரசி.

தன் கல்யாணப் பந்தியில் உடைந்த அப்பளம் வைத்துவிட்டார்கள் என்று, "உங்க ஊர்ப் பச்சைத் தண்ணி என் பல்லுல படாது" என்று மாமியாரிடம் சபதம் செய்தவர் அண்ணாச்சி. கல்யாணம் நடந்ததோ பாளையங்கோட்டை மண்டபத்தில். பன்னிரண்டு வருஷமாக மனைவியின் ஊர்ப்பக்கம் அவர் எட்டிப் பார்த்ததில்லை, அவளையும் அனுப்பியதில்லை.

கொற்கை, காயல்பட்டினம் எல்லாம் பார்த்து, மூன்றாம் நாள் கார் ஒரு கரையில் ஏறியது. கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். வெள்ளைப் பறவைகள் ஆயிரம் ஒன்றாய் எழும்ப, வானமே வெளுத்தது.

"கடலா வே இது?"

"பெலிக்கன் லேக், சார்," என்றார் வழிகாட்டி. "அம்புட்டும் தாமிரபரணித் தண்ணி."

அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, இரு கையாலும் அள்ளிக் குடித்தார். கண் கலங்கிவிட்டது.

"ஏட்டி, அமிர்தம்! இப்படி ஒரு ஏரி எந்த நாட்டுல இருக்கு?"

"எங்க ஊர்க் குளம்தான்," என்றாள் கலையரசி. "வாங்க, அம்மா அப்பளம் பொரிக்கா."