ஒன்பதாம் நம்பர் ரத்தம்

"எல்லாம் அந்தப் பூமாலை கைபட்ட சோறு! அவ ரத்தத்துலயும் மஞ்சக்காமாலைக் கிருமி இருக்குன்னு வந்துடுச்சுல்ல? சாயங்காலம் மூட்டையக் கட்டிக்கினு கெளம்பச் சொல்லிட்டேன்" என்றார் வார்டன் கிருஷ்ணவேணி.

"அதுக்குள்ள மரம் வந்துடும் மேடம்" என்றாள் பிரபாவதி.

"ஒரு வாரமா மரம் மரம்னு சொல்ற. எப்பம்மா காய்க்கும்?"

திண்டிவனம் பக்கத்தில் ஒரு காலேஜ் ஹாஸ்டல். பதினாலு பெண்கள் படுத்த படுக்கை. இரண்டு பேர் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில். பிரபாவதி அந்தக் காலேஜில் எம்.எஸ்ஸி. பயோ இன்ஃபர்மேட்டிக்ஸ்.

கிருமி ஆள் விட்டு ஆள் தாவும்போது தன் மரபணு எழுத்தில் ஒன்றிரண்டை மாற்றிக்கொள்ளுமாம். அந்த மாற்றங்களைக் கம்ப்யூட்டரில் அடுக்கினால், யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று வம்சாவளி மாதிரி ஒரு மரம் கிடைக்கும். அடியில் நிற்பவர்தான் முதலில் கொண்டுவந்தவர். நல்லா நடமாடுகிறவர்கள், சமையல்காரி பூமாலை என்று ஒருத்தர் விடாமல் ரத்தம் எடுத்தாயிற்று. மரத்தில் பெயர் கிடையாது, நம்பர்தான். பெயர்ப் பட்டியல் புரொபசர் திருமுருகனிடம்.

மூன்று மணிக்குத் திரையில் மரம் விரிந்தது. பார்க்கவே பயமாக இருந்தது. அடியில் பூமாலை நின்றால்? அப்புறம் எந்த ஹாஸ்டல் அவளை அடுப்புப் பக்கம் விடும்?

அடியில் நின்றது ஒன்பதாம் நம்பர்.

போன் போட்டாள். "சார், ஒம்போது... பூமாலை அக்காவா?"

காகிதம் புரளும் சத்தம்.

"சார்?"

"பிரபா... ஒம்போது நீதாம்மா."

போன மாசம் உடம்பு ஓய்ந்து ஓய்ந்து வந்ததைப் பரீட்சை அலுப்பு என்று நினைத்திருந்தாள். ஹாஸ்டல் டே அன்றைக்கு அண்டா நிறைய லெமன் ஜூஸ் பிழிந்ததும் அவள்தான்.

"வெளிய சொன்னா பேஜாராயிடும். பெத்தவங்கல்லாம் உன்னத்தான் புடிப்பாங்க. மரம் தெளிவா வரலன்னு எழுதிடலாம்" என்றார் புரொபசர்.

எழுதிவிட்டால் பயமில்லை. பூமாலைதான் போவாள்.

வார்டன் ரூமுக்கு நடந்தாள். வாசலில் பையோடு பூமாலை.

"மேடம், கொண்டாந்தது அக்கா இல்ல. நான்தான். என்கிட்டேர்ந்துதான் அக்காவுக்கே வந்திருக்கு."

வார்டன் பூமாலை பக்கம் திரும்பினார். "ஒரு வாரமா அத்தனை பேச்சு பேசினேன். நான் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி?"

பூமாலை பையைக் கீழே வைத்தாள்.

"எப்படிம்மா சொல்லுவேன்? போன மாசமே இந்தப் பாப்பா கண்ணு மஞ்சளா இருந்துச்சு. உங்களுக்குத் தெரிஞ்சா பரீட்ச எழுதவுடாம ஊருக்கு அனுப்பிடுவீங்கன்னு, அதுங்கிட்ட ஒடம்புச் சூடுன்னு பொய் சொல்லி, மூணு நாளு கீழாநெல்லி அரைச்சுக் குடுத்துட்டு வாய மூடிக்கினு இருந்தவ நாந்தானே!"