அழுத்தக்காரி

இந்தப் பக்கத்திலிருந்து மட்டும் பார்க்க முடிகிற கண்ணாடி. இருட்டில் கணவனோடும் டாக்டரோடும் அம்மா நிற்கிறாள். எதிர் அறையின் வெளிச்சத்தில் இரண்டு வயது மகள், பொம்மைகளோடு தனியாக. அம்மா விட்டுப் போனால் குழந்தை அழுகிறதா என்பதுதான் சோதனை. கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்ததோடு சரி, கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறது. "அழுடி தங்கம், கொஞ்சம் அழேன்," என்கிறாள் அம்மா. "எங்க அழப்போறா? உன்னை அப்படியே உரிச்சு வச்சிருக்கா, அழுத்தக்காரி," என்கிறான் கணவன். "பிறவியிலயே வந்ததா டாக்டர், இல்ல என்னைப் பார்த்துக் கத்துக்கிட்டாளா?" என்று கேட்டுவிட்டு, அம்மா கீழுதட்டைக் கடித்து அழுகையை விழுங்குகிறாள். கையில் ஒரு கட்டையோடு குழந்தை எழுந்து கண்ணாடியருகே வருகிறது. அதற்குத் தெரிவது தன் முகம் மட்டும்தான். கண்ணில் நீர் முட்டி நிற்க, அது கீழுதட்டைக் கடித்துக்கொள்கிறது.