நடுவில் ஒரு முழம்

"கூடப் பிறந்தவங்க ரெண்டு பேர் வீட்டுக்கு நடுவுல யாராவது சந்து விடுவாங்களா மேஸ்திரி, நீங்களே சொல்லுங்க?"

மேஸ்திரி அளவுக்கயிற்றைச் சுருட்டுவதிலேயே குறியாக இருந்தார். இரண்டு வீட்டுக்கும் அவர்தான் மேஸ்திரி. ஒரு பக்கம் பேசிவிட்டு மறுபக்கம் போய் எப்படி நிற்பது?

கேட்டவள் இளையவனின் மனைவி. இடுப்பில் குழந்தை, கையில் டீத் தூக்கு. கோபத்தை வைக்க வேறு இடம் இல்லாமல் வாயில் வைத்திருந்தாள்.

கோபம் வராமல் என்ன செய்யும்? மாமனார் விட்டுப்போன மனையைப் பிரித்தபோதே ஆரம்பித்த விஷயம் அது. சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். மூத்தவர் ஒப்புக்கொள்ளவில்லை. தெருமுனையை ஒட்டிய கிழக்குப் பாதிதான் தனக்கு வேண்டும், மூத்தவனுக்கு இதைக் கேட்கக்கூட உரிமை இல்லையா என்று ஒரே பிடியாக நின்றார். இரண்டு பக்கமும் தெரு உள்ள இடம். நாளைக்கே சின்னதாக ஒரு கடை போட்டாலும் ஓடும். யாருக்குத்தான் கசக்கும்?

இளையவன் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தான். அண்ணன்தானே என்றான்.

அவனுக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. இரண்டு வீட்டையும் ஒட்டினாற்போலக் கட்ட வேண்டும். நடுவில் பொதுவாக ஒரு சுவர், அந்தச் சுவரில் ஒரு கதவு. அண்ணன் பிள்ளைகளும் தன் பிள்ளையும் தெருவில் கால் வைக்காமலே இங்கேயும் அங்கேயும் ஓட வேண்டும். அண்ணன் இருமினால் தன் காதில் விழ வேண்டும் என்றுகூடச் சொன்னான்.

"அப்ப நாம தூங்கின மாதிரிதான்" என்று அவள் கேலி செய்தாள். ஆனாலும் கதவு எந்த இடத்தில் வரும், எந்தப் பக்கம் திறக்கும் என்பதை எல்லாம் மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தாள்.

மூத்தவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு முடியாது என்றார். சுவர் தனித்தனி. அஸ்திவாரமும் தனித்தனி. நடுவில் ஒரு முழம் இடம் விட வேண்டும். அடியில் ஓடும் கான்கிரீட் பெல்ட்டைக்கூட இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு இழுத்துக் கட்டக் கூடாது.

இளையவன் காரணம் கேட்டான்.

"ஒட்டிக்கிட்டு இருக்கறதெல்லாம் எனக்குச் சரிப்படாதுடா. அவனவன் வீடு அவனவனுக்கு." அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

பாசத்தையே முழம் போட்டு அளக்கிற மனுஷன் என்று சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். இளையவன் அண்ணனோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டான். மனைப்பக்கம் வருவதே இல்லை. கட்டிட வேலை முழுக்க அவள் தலையில் விழுந்தது. அதுகூடப் பரவாயில்லை. ஒருநாள் தட்டில் கையை வைத்துக்கொண்டே, "நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என்று கேட்டான் பாருங்கள், அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இவர்கள் பக்கம் அஸ்திவாரம் போட்டாகிவிட்டது. இடுப்பளவு தோண்டியதுமே கெட்டித் தரை வந்து, கடப்பாரை ணங்கென்று எகிறியது. இன்றைக்கு மூத்தவர் பக்கம் தோண்டுகிறார்கள்.

மேஸ்திரியிடம் பதில் கிடைக்காது என்று தெரிந்ததும், சும்மா அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

குழிக்குள் நின்ற ஆளின் தலைகூட வெளியே தெரியவில்லை. மேலே வந்தது மண்ணாகவே இல்லை. கறுப்பாக, சொதசொதவென்று, உடைந்த ஓடும் கண்ணாடிச் சில்லும் மக்கின துணியுமாக வந்துகொண்டிருந்தது. ஓங்கிக் குத்தின கடப்பாரை சத்தமே இல்லாமல் உள்ளே போனது.

அவளுக்கு வயிறு லேசாகக் குளிர்ந்தது. அடம் பிடித்து வாங்கினாரே, அனுபவிக்கட்டும்.

குழியோரம் மூத்தவர் நின்றிருந்தார். டீயை ஊற்றி நீட்டியபடியே மெதுவாகக் குத்தினாள்.

"பாவம் மாமா. தெரியாம இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிட்டீங்க."

அவர் டீயை மட்டும் வாங்கிக்கொண்டார். இவ்வளவு நேரம் வாயைக் கட்டியிருந்த மேஸ்திரிக்குத்தான் பொறுக்கவில்லை.

"தெரியாம என்னம்மா? செங்கல்லுக்கு மண்ணெடுத்த பள்ளம் இது, அப்புறம் குப்பையைக் கொட்டி மூடினதுன்னு முதல்லயே இந்த ஐயாதான் எங்கிட்ட சொன்னாரு. எவ்வளவு ஆழம் போய்க் கட்டினாலும் இந்தப் பக்கம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஒட்டிக் கட்டியிருந்தா உங்க வீட்டையும் சேர்த்து இழுத்து, சுவரைப் பிளந்திருக்கும்."

மூத்தவர் மேஸ்திரியை முறைத்தார். மேஸ்திரி கயிற்றோடு நழுவிப் போனார்.

அவள் தூக்கைத் தரையில் வைத்தாள். குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"அவருக்கு இது தெரியாதா மாமா?"

"எப்படித் தெரியும்? அவன் பொறக்கறதுக்கு முன்னாடியே மூடினது. நான்தான் சின்னப் பையனா இங்க நின்னு வேடிக்கை பார்த்தேன்."

"சீட்டாவது போட்டிருக்கலாமே. யாரும் உங்களைத் தப்பாப் பேசியிருக்க மாட்டாங்க."

"சீட்டுல இந்தப் பக்கம் அவனுக்கு விழுந்திருந்தா?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்போதே போய் அவரிடம் சொல்கிறேன் என்று திரும்பினாள்.

"நில்லும்மா" என்றார் மூத்தவர். "இப்பத் தெரிஞ்சா, போட்ட அஸ்திவாரத்தை எனக்குக் கொடுத்துட்டு அவன் இந்தக் குழிக்குள்ள வந்து நிப்பான். அவன் குணம் உனக்குத் தெரியாதா? ரெண்டு வீடும் எழும்புற வரைக்கும் அவன் என்மேல கோவமாவே இருக்கட்டும்மா. தயவுசெஞ்சு சொல்லிடாதே."