ஹீரோ கை பட்ட கம்பம்

ஒரு வீடியோ கேமுக்குள் பெரிய நகரம் ஒன்று இருந்தது. அங்கே பஸ் நிறுத்தத்தில் ஒரு விளக்குக் கம்பமும் ஒரு சிமெண்ட் பெஞ்சும் அருகருகே இருந்தன. ஒருநாள் ராட்சத இயந்திரம் ஒன்று வந்து பஸ்ஸை மறித்தது. பறந்து வந்த சூப்பர் ஹீரோ கம்பத்தை அடியோடு பிடுங்கி, ஒரே போடில் இயந்திரத்தை நொறுக்கினார். பஸ்ஸில் இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

ஆட்டத்தை மறுபடி தொடங்கினால் உடைந்ததெல்லாம் பழையபடி எழுந்து நின்றுவிடும். கம்பமும் நின்றது. ஆனால் பெருமையில் அதற்குத் தலைகால் புரியவில்லை.

"இந்த ரோட்டுல நாற்பது கம்பம் இருக்கு. அவர் கை பட்டது யார் மேல?"

"உன் மேலதான். பத்து தடவை சொல்லிட்டே," என்றது பெஞ்சு.

மறுநாள் ஹீரோவின் நீல அங்கி கறுத்திருந்தது. வெளியே உட்கார்ந்து ஆடுகிறவர் இந்த முறை கெட்ட வழியைத் தேர்ந்தெடுத்திருந்தார். ஹீரோ அதே கம்பத்தைப் பிடுங்கி, பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களை விளாசித் தள்ளினார்.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. பெஞ்சு கம்பத்தைக் கேட்டது: "என் மேல உட்கார்ந்திருந்தவங்கப்பா அவங்க. உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

"தோணாம என்ன? ரெண்டாவது தடவையும் என்னைத்தானே எடுத்தார்!"

அப்போது வானத்தில் எழுத்துகள் மின்னின: 'காப்பாற்றவா? அழிக்கவா?'

ஆடுகிறவரின் பதில் வரட்டும் என்று ஹீரோ நின்றார். கம்பம் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அவர் கைக்கு வாகாக இப்போதே கொஞ்சம் சாய்ந்துகொண்டது.