கோளாறு இருக்க வேண்டும்

கணவன் யோகராஜனுக்குப் போன மாதம் எடுத்த மூளை ஸ்கேன் படத்தை டொக்டர் வெளிச்சத்தில் பிடித்ததுமே, "கோளாறு இருக்குதுங்களா ஐயா?" என்று பதறினாள் புஷ்பலதா. இருக்க வேண்டுமே என்று மஸ்கெலியாவில் பஸ் ஏறியதிலிருந்து எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"மூளைக்குள்ள சேதி கொண்டுபோற வெள்ளை இழைகள் கொஞ்சம் மாறியிருக்கு. பைபோலார் நோய் உள்ள பலருக்கு இப்படி இருக்கும். ஆனா படத்தை மட்டும் வச்சு நோயைச் சொல்ல முடியாதும்மா."

"ஒரு மாசம் தூங்காம பாடிக்கிட்டுத் திரிவாருங்க. மறு மாசம் பாயை விட்டு எந்திரிக்கவே மாட்டாரு. தோட்டத்து லயத்து வீடுகள்ல எல்லாரும் நடிப்புங்கிறாங்க."

"நடிப்பே இல்லை. ஸ்கேன் எடுத்த அன்னைக்கு அவர் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தா இது நோய்தான். ஒழுங்கா குளிசை போட்டா நல்லா இருக்கலாம். அவரைக் கூட்டிட்டு வாங்க."

புஷ்பலதா டொக்டரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என் மக வெளியில நிக்குதுங்க. நோய்தான்னு அதுகிட்ட நீங்களே சொல்லுங்க ஐயா. தான் சண்டை போட்டதாலதான் அப்பா உசுரை மாய்ச்சுக்கிட்டாருன்னு, அடக்கம் பண்ணுன நாள்லேருந்து அது வாயே தொறக்கல."