மெர்சி பிங்க்ரியின் பிரதி

மெர்சியைப் பற்றி எதுவும் கேட்காமல் இவர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும். லிடியா பிங்க்ரி மனதுக்குள் மன்றாடினாள். பனி விழுவதற்குள் கூரையை மாற்றியாக வேண்டும். விற்பதற்கு அவளிடம் வேறு எதுவும் இல்லை.

பழம்புத்தக வியாபாரி ஆல்டன் அட்டையைத் திறந்தார்.

“அந்தக் காலத்துல சூனியக்காரின்னு பழி போட்டு அப்பாவிகளைத் தூக்குல போட்டாங்களே, நம்ம மாசசூசெட்ஸ் வழக்கு, அதைப் பத்தி வந்த முதல் நாவல்கள்ல ஒண்ணு. கிடைக்கவே கிடைக்காது. அட, ‘எங்கள் மெர்சி பிங்க்ரியின் கதை’ன்னு பென்சில்ல எழுதியிருக்கே! உங்க வீட்டு ஆளா?”

“எங்க வம்சத்து மூத்தவ.”

“பாவம்! ‘தூக்கிலிடப்பட்டவளின் குடும்பப் பிரதி’ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கம்மா. தூக்குல போனவங்க நினைவா நடத்துற மியூசியம் நாளைக்கே வாங்கிக்கும். இந்த ஊர்ல எல்லாருமே அந்தப் பரம்பரைன்னுதான் சொல்லிக்கிறாங்க. ஆதாரம் இருக்குறது உங்ககிட்டதான்.”

“நாவலைப் படிச்சிருக்கீங்களா?”

“நல்லா கேட்டீங்க போங்க! நான் விக்கிறவன்மா, படிக்கிறவனா?”

“மெர்சியை யாரும் தூக்குல போடல. பக்கத்து வீட்டு அம்மாவைக் கை காட்டி, ‘இவதான் சூனியக்காரி’ன்னு கோர்ட்டுல கத்தினவ அவ. தூக்குல தொங்கினது அந்த அம்மா.”

ஆல்டன் அட்டையை மூடினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“யாரும்மா உள்ள புரட்டிப் பார்க்கப் போறாங்க? அந்த வரி இல்லாம மியூசியம் வாங்காது.”

அவர் நீட்டிய பேனாவை லிடியா வாங்கவில்லை.

“அந்த அம்மா உயிரைத்தான் நாங்க எடுத்துட்டோம். அவங்க சாவையும் எங்களோடதுன்னு எழுத என்னால முடியாதுங்க.”