கிளம்புவதற்கு முன்

"நீ எதுக்குத் திரும்பி வந்தே?" என்று கத்தினான் ரஸல்.

காரை விட்டு இறங்கிய மெரினுக்குச் சுருக்கென்றது. பிள்ளைகள் இருவரையும் ஊருக்குள் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு, புகைக்குள் தட்டுத்தடுமாறி இந்தப் புருஷனுக்காகத்தான் வந்திருக்கிறாள். பண்ணைக்கும் ஊருக்கும் நடுவே இருப்பது, ஓடைப்பாலத்தைத் தாண்டி வரும் அந்த ஒரே காட்டுப் பாதைதான்.

"எதுக்கா? உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான். ஏறு வண்டியில. தீ மலைக்கு இந்தப் பக்கம் இறங்கிடுச்சு."

அவன் கையில் இருந்த ரேடியோவில் தீயணைப்புப் படையினர் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கிட்டே வருவதற்குள் அதை அணைத்துவிட்டான்.

"என்ன சொல்றாங்க?"

"என்னத்தச் சொல்லுவாங்க, ஒரே புலம்பல். புதுப் பசங்க. அடுப்புப் புகையைப் பார்த்தாலே அம்மான்னு அலறுவானுங்க."

சாவியை அவள் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினான். காரை மரத்தடியிலிருந்து எடுத்து, உழுது போட்டிருந்த வெறும் நிலத்தின் நடுவில் நிறுத்திவிட்டு வந்தான். சாவி அவன் பைக்குள் போனது.

"கிளம்பலாம், இரு. முதல்ல மழைக்குழாய் வாயை அடைச்சு, கூரையோரத் தகர வாய்க்கால்ல தண்ணி நிரப்பு."

"வீடு போனா போகட்டும் ரஸல்!"

"எங்க தாத்தா கட்டின வீடு. ஒரு வாளித் தண்ணிகூட ஊத்தாம ஓடச் சொல்றியா?"

அவனோடு பேசி நிற்பதைவிட அடைத்துத் தொலைப்பதே சீக்கிரம். மெரின் பழைய காலுறைகளைச் சுருட்டிக்கொண்டு ஏணியில் ஏறினாள். கீழே ரஸல் முகப்பில் கிடந்த பிரம்பு நாற்காலிகளைத் தூரமாக வீசியெறிந்தபடி ஆரம்பித்தான்.

"தாத்தா காலத்துலயும்தான் காடு எரிஞ்சுது. பூமி சூடாகுதுன்னு அப்போ யாராவது ஒப்பாரி வச்சாங்களா?"

பத்து வருடமாக நடக்கும் சண்டை. சாப்பாட்டு மேசையில் நடக்கும், மதுக்கடையில் நாலு பேர் முன்னால் நடக்கும். இன்றைக்குமா?

"இப்பவா இதைப் பேசுவே? இன்னும் கோடையே வரல ரஸல்! வசந்தகாலத்துல காடு எரியுது. உன் தாத்தா இதைப் பார்த்தாரா?"

"கொஞ்சம் முன்னாடி வந்துடுச்சு. விருந்தாளி முன்னாடி வர்றதில்லையா?"

"பெரணிப் பள்ளம் போன வருஷம் எரிஞ்சுதே? கால் வச்சா முழங்கால் வரைக்கும் சேறா இருந்த இடம். சேறு எப்படிடா எரியும்?"

"இடி விழுந்திருக்கும். உங்க விஞ்ஞானிங்களுக்கு அதுக்கும் ஒரு கதை இருக்குமே, பேராசிரியை அம்மா? அந்தக் குழாயை நல்லா அடை. ஒழுகுது பாரு."

அவள் அடித்து இறுக்கினாள். அவன் மண்டையை நினைத்து அடித்ததால் குழாய் நன்றாகவே அடைபட்டது.

அதோடு விட்டானா? குளியல் தொட்டியை நிரப்பச் சொன்னான். கம்பளிகளை நனைக்கச் சொன்னான். கதவிடுக்கில் எல்லாம் ஈரத்துண்டு வைக்கச் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் "இது ஒண்ணுதான், கிளம்பலாம்" என்றான். அவள் வாய் ஓயும்போதெல்லாம், ஊரையே பயமுறுத்திப் பிழைக்கிற கூட்டம் என்று எதையாவது சொல்லி மறுபடி கிளறிவிட்டான். அவளும் விடவில்லை. வற்றிப்போன ஓடை, பூக்காத மரங்கள், கருகிய திராட்சைத் தோட்டம் என்று ஒன்றுவிடாமல் அவன் முகத்தில் வீசினாள். வாய் வீசிக்கொண்டிருக்க, கை கம்பளியைப் பிழிந்துகொண்டிருந்தது.

மின்சாரம் போனது. மதியத்திலேயே சமையலறை இருண்டது. சன்னலுக்கு வெளியே வானம் செங்கல் நிறத்தில் கிடந்தது. கருகிய யூகலிப்டஸ் இலைகள், நரம்பு கலையாமல், முற்றத்தில் உதிர்ந்துகொண்டிருந்தன. ஒரு கங்காரு வேலியைத் தாண்டி வந்து வீட்டு நாய்க்குப் பக்கத்திலேயே நின்றது. நாய் குரைக்கவில்லை.

மலைப்பக்கமிருந்து ஓர் இரைச்சல் வந்தது. காற்று என்றுதான் முதலில் நினைத்தாள். காற்று இடையில் மூச்சு விடும், இது விடவில்லை.

"போதும்!" மெரின் ஈரக்கம்பளியைத் தரையில் எறிந்தாள். "சாவியைக் குடு. நீ வந்தா வா, வராட்டிப் போ. என் பிள்ளைங்களுக்கு ஒரு அம்மாவாவது மிஞ்சட்டும்."

"அந்தப் பின்கதவுல மட்டும் ஒரு..."

"சாவியைக் குடுடா, பாவி!"

அவன் பைக்குள் கையை விட்டாள். அவன் அவளுடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"நீ சொன்னது அத்தனையும் சரி மெரின்" என்றான் ரஸல். கேலி போய்விட்டிருந்தது. "இது தாத்தா பார்த்த தீ இல்ல. இப்படி ஒண்ணை எவனும் பார்த்ததில்ல."

பத்து வருடமாக அவன் வாயிலிருந்து வரவேண்டும் என்று காத்திருந்த பேச்சு. வந்ததும் அவள் அவனை வாசல் பக்கம் இழுத்தாள்.

"ஒத்துக்கிட்டேல்ல? அப்புறம் என்னடா? வா, போயிடலாம்!"

"எங்கே போறது? நீ தாண்டின கையோட ஓடைப்பாலம் எரிஞ்சு விழுந்துடுச்சு. நீ காரை விட்டு இறங்கும்போதுதான் ரேடியோவுல சொன்னாங்க" என்றான் அவன், தரையில் கிடந்த கம்பளியை எடுத்து அவள் தலைமேல் போர்த்தியபடி. "பயந்தா நீ சிலையா நின்னுடுவே. கோவம் வந்தாத்தானே உனக்குக் கை ஓடும்?"